ராஜாங்கத்தின் டம்ளர்

பொழுது சாயும் நேரத்துக்குக் கச்சிராயபாளையம் பஸ் வந்து நின்றது. கறிப்பையும் வாழை இலையுமாக சுபாஷ் இறங்கி வருவதை ஜெயசுதா வாசலிலிருந்தே பார்த்தாள். கல்வராயன் மலைக்குப் பின்னால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. புருஷன் ராஜாங்கம் செத்து மூன்று வருஷம். இன்று அவருக்குப் படையல்.

“பீடி வாங்கினியாடா?”

“ரெண்டு கட்டும்மா.”

சிரித்தான். கள்ளக்குறிச்சி செல்போன் கடையில் வேலை பார்க்கும் பத்தொன்பது வயசுப் பையனுக்கு முன்பல் இடுக்கில் காவி ஏறியிருந்தது. கீழுதடு கறுத்திருந்தது. டீக் கறை என்று சொல்லித்தான் இத்தனை நாள் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா என்ன?

ராஜாங்கமும் ஒரு காலத்தில் பார்க்க ஜோராகத்தான் இருந்தார். மரவள்ளிக்கிழங்கு லோடு அடிக்கும் லாரி டிரைவர். பெண் பார்க்க வந்தபோது அவர் சிரிப்பைப் பார்த்துத்தான் ஜெயசுதா தலையாட்டினாள். பீடி முதலில் அந்தச் சிரிப்பைத்தான் தின்றது. பல் கறுத்தது, ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது, கன்னம் ஒட்டி நாற்பது வயசிலேயே அறுபது வயசு முகம். ஆடிய பற்களை அவரே பிடுங்கிப் போட்டார். நாக்கடியில் வந்த வெள்ளைப் புண்ணை, சூட்டுக் கொப்புளம் என்று ஒரு வருஷம் ஓட்டினார். கடைசியில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் தாடையில் பாதியை எடுத்தார்கள்.

அப்புறம் வாயைச் சுற்றி எப்போதும் துண்டுதான். பேச்சும் போய்விட்டது. ஒரு சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டித்தான் பேசுவார். ஒரு தட்டு என்றால் தண்ணி. இரண்டு தட்டு என்றால் கஞ்சி. மூன்று தட்டினால், பையனை வெளியே அனுப்பு என்று அர்த்தம்.

புண்ணைக் கழுவத் துண்டை அவிழ்க்கும்போதெல்லாம் மூன்று தட்டுவார். பிள்ளை அந்த முகத்தைப் பார்க்கவே கூடாது என்று ஒரே பிடிவாதம். சுபாஷ் கடைசிவரை பார்க்கவில்லை. அவரைப் புதைத்ததும் துண்டோடுதான்.

செத்தவருக்குப் பிடித்ததை வைப்பதுதான் முறை. ஆனால் பீடி ஊதுவத்தி மாதிரி இல்லை. நெருப்பைக் காட்டினால் மட்டும் பற்றிக்கொள்ளாது. ஒரு வாய் இழுக்க வேண்டும். காரியத்தன்று கொழுந்தன் பழனி, “புள்ளதான் அப்பனுக்குப் பத்த வெக்கணும்” என்று சொல்ல, பதினாறு வயசு சுபாஷின் கையில் பீடியைக் கொடுத்தவளே ஜெயசுதாதான். அவன் இருமி இருமி இழுத்ததைப் பார்த்து எல்லோரும் அழுதார்கள். அவளும் அழுதாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இலையில் கறிக்குழம்பும் வடையும் முறுக்கும் வைத்தாள். சுபாஷ் பீடியை உதட்டில் வைத்துத் தீக்குச்சியை உரசினான்.

அணைந்தது.

இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. காற்றே இல்லை. காமாட்சி விளக்கின் சுடர் ஆடாமல் நின்றிருந்தது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. அவர் புண்ணில் தடவிய கிராம்புத் தைலமும் சீழும் கலந்த வாடை.

ணங்.

ணங்.

ணங்.

“இன்னாம்மா அது?” சுபாஷ் கிசுகிசுத்தான்.

உள்ளறை அலமாரியில் அந்த டம்ளர் இருந்தது. அந்த அறையில் யாரும் இல்லை.

அவள் கை பழக்கத்தில் தானாக மகன் தோளைத் தொட்டது. வெளியே தள்ளப் போனவள், அவன் கறுத்த உதட்டில் பீடி இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். எத்தனை தடவை இவனை வெளியே அனுப்பினோம்! ஒரே ஒரு தடவை உள்ளே நிறுத்தியிருந்தால் இந்தப் பீடி இந்த வாய்க்கு வந்திருக்குமா?

வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“இவன அனுப்ப மாட்டேங்க,” என்றாள் உள்ளறை இருட்டைப் பார்த்து. “நாம மறைச்சிக்கினே இருந்தோம். அவன் உங்களாட்டமே ஆயிக்கினு வரான். துண்ட எடுங்க. பாக்கட்டும்.”

ணங், ணங், ணங். கெஞ்சுவது போல, வேகவேகமாக.

“எடுங்க.”

தட்டல் நின்றது.

ஈரத்துணி பிரிகிற சத்தம்.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தினமும் கழுவித் துடைத்த முகம், அவளுக்குப் புதுசா? மகனின் முகத்தைத்தான் பார்த்தாள். அவன் கண்கள் விரிந்தன. பீடி கீழே விழுந்தது. கத்தப் போகிறான் என்று நினைத்தாள்.

“வலிக்குதாப்பா?” என்றான்.

பிறகு,

ணங். ணங்.

கஞ்சி.

ஜெயசுதா அப்போதுதான் உடைந்து அழுதாள். செத்தும் அவருக்கு வாய் திரும்பவில்லையே! மூன்று வருஷமாக முறுக்கும் கறியும் வைத்து அந்த மனுஷனைப் பட்டினி போட்டிருக்கிறாளே! சோற்றைக் குழையக் கரைத்து, வடிகட்டி, அதே டம்ளரில் ஊற்றி இலைமுன் வைத்தாள். தாயும் பிள்ளையும் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். கதவுக்குப் பின்னால் உறிஞ்சும் சத்தம் மெதுவாக, மிக மெதுவாகக் கேட்டது. கதவைத் திறந்தபோது டம்ளரில் ஒரு சொட்டு இல்லை.

பத்து நாள் கழித்து, நல்ல மத்தியானம். ஜெயசுதா தனியாக இருந்தாள். சுபாஷ் கடைக்குப் போயிருந்தான்.

அலமாரியில் டம்ளர் மூன்று தடவை ஒலித்தது.

வீட்டில் அனுப்புவதற்குப் பையனே இல்லை. அவள் பதறிப்போய் போனை எடுத்தாள்.

“சுபாஷு, எங்கடா கீற?”

பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.

“பீடியக் கீழ போட்டுட்டேம்மா,” என்றான். “எனக்கும் கேட்டுது.”