இரண்டு கேன்

வளைவைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகும், பக்கக் கண்ணாடியில் மச்சானுடைய லாரியின் விளக்குகள் சிறுக்கவேயில்லை.

நின்றுபோன லாரி அது. கணவாய் ஏற்றத்தில் இருமி இருமி அடங்கியதை, முன்னால் தன் லாரியில் போன அவன் காதாரக் கேட்டிருந்தான். மதியம்தான், ஆனாலும் பனி கொட்டியதில் வானமும் சாலையும் ஒரே சாம்பலாகிவிட, வைப்பர் கண்ணாடியைக் கீறும் சத்தமும், ஹீட்டர் சூட்டில் புழுங்கும் கம்பளி நாற்றமும், காலடியில் எஞ்சினின் முனகலும் தவிர உலகத்தில் வேறெதுவும் மிச்சமில்லாததுபோல் இருந்தது. அந்த இரண்டு மஞ்சள் விளக்குகளைத் தவிர.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"மாப்ள, டேங்க்ல டீசல் கெடக்கு, ஃபில்டரத் தொறந்தா உள்ள மெழுகா ஒறஞ்சு அடைச்சிருக்கு. குளிர் டீசல்தானே போட்டே?"

"ரெண்டு வண்டிக்கும் ஒண்ணுதான் மச்சான்."

பொய். அடிவாரத்து பங்க்கில் மெழுகு குறைத்த குளிர்கால டீசல் ஒரு லாரிக்குத்தான், அதுவும் அரை டேங்க் அளவுதான் இருந்தது. அடுத்த லோடு மறுநாள் என்றார்கள். மச்சான் கேபினில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நல்லதைத் தன் லாரிக்கு ஊற்றிக்கொண்டான். அவர் லாரிக்குச் சமவெளியில் ஓட்டுகிற சாதா டீசலை நிரப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் வந்து அவரை எழுப்பினான்.

"திரும்பி வந்து ஏத்திக்க மாப்ள. காலு மரத்துப் போச்சு."

"வண்டி திருப்ப எடமில்ல மச்சான். கீழ போய் ஆள் அனுப்புறேன்."

இடம் இருந்தது. ஆனால் ஏற்றிக்கொண்டால் பேச்சு வரும். பேச்சு வீடுவரை, மனைவியின் காதுவரை போகும். அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

வெகுநேரம் வாக்கி டாக்கியில் அவர் பற்கள் தந்தியடிக்கும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"இப்பக் குளிரே இல்ல மாப்ள." குரல் தெளிவாக, நிதானமாக வந்தது. "பின்னாடிதான் வர்றேன்."

விளக்குகள் பெரிதாயின. எஞ்சின் சத்தம் இல்லை. சக்கரச் சத்தமும் இல்லை.

மிதித்தான். லாரி இருமியது.

மறுபடி மிதித்தான். மறுபடி இருமல்.

இருக்காது. இது நல்ல டீசல்.

"வழியில டீக்கடையில நீ உள்ள இருந்தப்ப பாத்தேன், ஒன் வண்டி டீசல் முள்ளு எறங்கியிருந்துச்சு. என் டேங்க்லேருந்து ரெண்டு பெரிய கேன் உருவி ஊத்திவிட்டேன். ஒரே டீசல்தானே? தங்கச்சி புருஷன் மலையில நின்னுடக் கூடாதுல்ல."

எஞ்சின் அடங்கியது.

ஹீட்டர் நின்றது. பின்னால் வந்த விளக்குகள் அணைந்தன.

மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. விரல்கள் வலித்தன. பிறகு வலிக்கவில்லை.

சன்னலுக்கு வெளியே ஓர் உள்ளங்கை பனியை வழித்தது. மெழுகாய் வெளுத்த, மடங்காத விரல்கள். பூட்டியிருந்த கதவு திறந்தது. பாதி திறந்தபடி உறைந்த வாயோடு மச்சான் படியில் ஏறினார். உதடு அசையவில்லை. குரல் மட்டும் வாக்கி டாக்கியிலிருந்து வந்தது, அதே பாசத்தோடு.

"இன்னொரு கேன் இருக்கு மாப்ள. வாயத் தொற."

கேன் சாய்ந்தது. அதன் விளிம்பில், மெழுகாய் உறைந்த டீசல், வெள்ளையாக, கெட்டியாக, மெல்ல மெல்ல, பிதுங்கத் தொடங்கியது.