விட்ட இடத்திலிருந்து

பஞ்சு நேற்று நிறுத்தியது நாற்பத்தேழாவது நிமிஷத்தில். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ரிமோட்டை மூன்று தடவை அழுத்திப் பார்த்து, பிறகு எழுந்துபோய்ப் பெட்டியிலேயே பொத்தானை அமுக்கி நிறுத்தியவள் அவள்தான். இன்று வெள்ளிக்கிழமை, அடுப்பு வேலை முடித்து வந்து ஸ்விட்சைப் போட்டால், டிவிடி பெட்டியின் பச்சை எண்கள் ஒரு மணி இருபது நிமிஷம் என்று காட்டின. டிஸ்க்கின் உறைமேல் ஊர் ஸ்டூடியோக்காரன் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது மொத்தமே ஒரு மணி பத்து நிமிஷம்.

மலிவுப் பெட்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குர்லாவில் ரோட்டோரக் கடையில் வாங்கியது. தட்டு வெளியே வர அடம்பிடித்தால் ஊக்கை விட்டு நெம்ப வேண்டும், படம் நின்றால் விலாவில் ஒரு தட்டு தட்ட வேண்டும். ஆனால் எங்கே நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும் என்று கடைக்காரன் சொன்னது மட்டும் பொய்யில்லை. தாராவியில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் எதையும் பாதியில் விட்டு ஓடுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

உள்ளே இருந்தது வடிவு அக்காவின் சாவு. ஊரில் இப்போது கல்யாணத்துக்கு எடுப்பதைப் போலவே இதற்கும் வீடியோ எடுக்கிறார்கள், வர முடியாத பம்பாய்க்காரர்களுக்கு அனுப்பிவைக்க. டிக்கெட் கிடைக்கவில்லை என்று பஞ்சு எல்லோரிடமும் சொன்னாள். உண்மையில் அவளுக்குப் பயம். பிள்ளையில்லாத அக்காவுக்குப் பஞ்சுவின் ஒரே மகள் சாதனாமேல் அப்படியொரு ஆசை. ஆசை என்றால் கொஞ்சநஞ்சமில்லை. போன கோடை லீவில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"அந்தப் பொட்டி ரூம்ல வச்சு என்னத்தட்டீ வளப்ப? என்கிட்ட தா. ராணி மாதிரி வச்சுக்கிடுதேன்."

எத்தனை தடவைதான் முடியாது என்று சொல்வது? கடைசியில், "சரிக்கா, நீயே பம்பாய்க்கு வந்து கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டாள். ரயில் என்றாலே நடுங்குகிற அக்கா எங்கே வரப்போகிறாள் என்ற தைரியம்.

நேற்று திரையில் பாடையைத் தூக்கியபோது பஞ்சுவுக்கு அழுகை அடக்க முடியவில்லை. தன்னையறியாமல், "போயிட்டு வாக்கா" என்று சொல்லிவிட்டாள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் வானமாமலைக்குக் கையிலெடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

"ஏ கிறுக்கி, சாவு வீட்டுல யாராவது வான்னு சொல்லுவாவளா?"

"இது சாவு வீடா? நம்ம வீடுதான? வாய் தவறி வந்துட்டு."

அப்போதுதான் கீழே தண்ணீர் வந்துவிட்டதென்று கூப்பாடு கேட்டது. பாடை சுடுகாடு போய்ச் சேருமுன்பே அவள் நிறுத்தினாள்.

இப்போது படம் ஓடத் தொடங்கியது. ஸ்டூடியோக்காரன் சேர்த்த சோகப் பாட்டு இல்லை, மூலையில் சுற்றிக்கொண்டிருந்த ரோஜாப்பூ இல்லை. தூக்கி வந்த ஆட்களும் இல்லை. ஏதோ ஒரு ரோட்டோரத்தில் பாடை மட்டும் சாய்ந்து கிடந்தது. அதில் யாருமில்லை. காமிரா அதைத் தாண்டி, தாழ்வாக, தரையைப் பார்த்தபடியே போனது. அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. வெயிலில் எடுத்த படத்தில் எப்படி மழை?

வெளியே தாராவியிலும் மழைதான். தகரக் கூரையில் அது காலையிலிருந்து கொட்டித் தீர்க்க, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். ஏழு வயது சாதனா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, கால்களைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டு, செல்போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே நாகூர் கனி பாயின் பெல்ட் பட்டறையில் தையல் மெஷின்கள் கடகடத்தன. தோல் வாடையும் பசை வாடையும் இரும்பு ஏணிப்படி வழியாக மேலே ஏறி வந்து அறையில் நின்றன. அந்த வாடைக்கு நடுவே வேறொன்றும் மெல்ல வந்தது. நல்லெண்ணெய், ஊதுபத்தி, வாடிய ரோஜா மாலை.

பஞ்சு தட்டைத் திறக்கப் பார்த்தாள். ஊக்கை விட்டு நெம்பியதில் ஊக்குதான் வளைந்தது. புருஷனுக்குப் போன் போட்டாள். குர்லா லேத் பட்டறையின் இரைச்சலுக்கு மேல் அவன் கத்தினான்.

"பிளக்கப் பிடுங்கிப் போடு பஞ்சு. இதுக்குப் போயி போன் பண்ணுதியா?"

பிடுங்கலாம்தான். ஆனால் ராத்திரி முழுக்கப் பெட்டி அணைந்துதானே இருந்தது? நிறுத்தியதற்காக அக்கா நடக்காமலா இருந்தாள்? பார்த்துக்கொண்டிருந்தால் எங்கே வருகிறாள் என்றாவது தெரியும். பஞ்சுவுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. எந்த ரோடானாலும் முடிவில் சுடுகாடு வந்துதானே ஆக வேண்டும்? வேகமாக ஓட்டிவிட்டால் சீக்கிரம் எரித்துவிடுவார்கள். எல்லாம் முடிந்துபோகும்.

ஓட்டுகிற பொத்தானை அழுத்தினாள்.

ரோடு பாய்ந்தது. புளியமரங்கள், தண்டவாளம், ஒரு பாலம், தமிழில் ஒரு போர்டு, தெலுங்கில் ஒன்று, பிறகு மராத்தியில். சேறு. சாக்கடை மேல் பாவிய கற்கள். அந்தக் கற்களைப் பஞ்சுவுக்குத் தெரியும். நீலத் தார்பாலின் போட்ட அந்த இட்லிக் கடையைத் தெரியும். தினமும் காலையில் அங்கேதான் மாவு வாங்குகிறாள்.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். படம் நிதானத்துக்கு வந்தது. அப்போதுதான் பார்த்தாள். காமிராவுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன இரண்டு கால்கள். மஞ்சள் பூசிய பாதங்கள். பெருவிரல்கள் இரண்டும் வெள்ளைத் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கட்டியிருப்பதால் நடக்க முடியவில்லை. இரண்டும் சேர்ந்தே எழும்பி, சேர்ந்தே விழுந்தன.

"சாதனா, இங்க வா. அம்மாகிட்ட வா."

"ஏக் மினிட்மா."

கீழே தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தொழுகை நேரம். பாயும் ஆட்களும் ஷட்டரை இழுத்துவிட்டுக் கிளம்பிப்போவது கேட்டது. அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும்.

டொக்.

இரும்பு ஏணிப்படியில் மனிதர்கள் ஏறும் சத்தத்தைப் பஞ்சு பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறாள். ஒரு கால், மறு கால், ஒரு கால், மறு கால். இது அப்படியில்லை.

டொக்.

இரண்டும் சேர்ந்து.

அவள் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். மேலேயும் கீழேயும் போட்டாள். கதவில் முதுகை அழுத்திக்கொண்டு நின்றாள். எதிரே திரையில் இதே கதவு, வெளிப்பக்கத்திலிருந்து. அவள் ஒட்டிய பிள்ளையார் படம். அதன் கிழிந்த ஓரம். முதுகுக்குப் பின்னால் எண்ணெய் வாடை. கதவிடுக்கு வழியாக ஏதோ உள்ளே சிதறி விழுந்தது. குனிந்து பார்த்தாள். ஈர அரிசி. வாய்க்கரிசி.

தட்டவில்லை. கூப்பிடவில்லை. வெறுமனே நின்றுகொண்டிருந்தது.

பஞ்சு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வா என்று யாரும் சொல்லவில்லை. நேற்றுச் சொன்னதற்கு வாசல்வரைதான் வர முடியும். உள்ளே வர இன்னொரு தடவை சொல்ல வேண்டும். அவள் சொல்ல மாட்டாள். நாக்கை அறுத்தாலும் சொல்ல மாட்டாள். கடவுளே, பாய் திரும்பி வரட்டும். அவர் வரும்வரை போதும். வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாதனா போனைக் கீழே வைத்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் போனில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு உட்காராதே, வாயைத் திறந்து வாங்கன்னு சொல்லு என்று தினமும் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித்தந்தவள் பஞ்சுதான்.

"வேண்டா..." என்று அவள் வாயிலிருந்து கையை எடுப்பதற்குள் பிள்ளை சொல்லிவிட்டாள்.

"வாங்க பெரியம்மா."

முதுகுக்குப் பின்னாலிருந்த கனம் இல்லாமல் போனது. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கதவு அசையவில்லை. பச்சை எண்கள் நின்றுவிட்டன. திரையில் இப்போது இந்த அறை தெரிந்தது. கதவில் சாய்ந்து நிற்கும் பஞ்சு, கட்டில், போர்வை. கட்டிலோரத்தில் பிள்ளையின் கையை வேறொரு கை பிடித்திருந்தது. மஞ்சள் பூசிய கை.

திரையிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தாள். அறையில் சாதனா மட்டும்தான் இருந்தாள். ஒரு கையை உயரத் தூக்கி, எதையோ பிடித்துக்கொண்டு எழுந்தாள். போர்வை நழுவியது.

வெளியே கிளம்பும்போது போயிட்டு வாறேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்பதையும் அவளுக்குச் சொல்லித்தந்திருந்தாள் பஞ்சு. பிள்ளை ஒருநாளும் மறந்ததில்லை.

"போறேம்மா" என்றாள் சாதனா.

அவளுடைய சின்னப் பெருவிரல்கள் இரண்டும் வெள்ளைத் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கால்கள் இரண்டும் ஒன்றாக எழும்பின. கதவை நோக்கி.

டொக்.