கைப்பிடி இல்லாத பெட்டி

இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது உடையப்பனுக்கு.

நேற்று முழுக்க ஆத்தூர்ப் பக்கம் புகையிலைக் கிட்டங்கிகளில் குனிந்து நிமிர்ந்த இடுப்பு. இன்றைக்கு விடிந்ததும் மறுபடி சைக்கிள். கலால் இன்ஸ்பெக்டர் உத்தியோகம் அவருக்குக் கொடுத்தது ஒரு காக்கிச் சட்டை. எடுத்துக்கொண்டது இடுப்பை.

பழனி ரோட்டில் ஒரு மோட்டார் சாமான் கிட்டங்கி வாசலில் காலை ஊன்றினார்.

உள்ளேயிருந்து ஓர் அலறல்!

"அய்யோ... எம் புருசன் கொல்லலை சாமீ...!"

வலி மறந்துபோனது. சைக்கிளைச் சுவரில் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

மச்சுக்கு ஏறுகிற மர ஏணி. அதன் அடியில் குப்புறக் கிடந்தார் முகமது பாரூக். கிட்டங்கியின் கூட்டாளி முதலாளி. பின்மண்டையில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் முத்துச்சாமி ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"வாங்க புகையிலை போலீஸ்! பொணத்துக்கும் தீர்வை போட வந்துட்டீகளா?"

"சரக்கைப் பாக்க வந்தேன். இன்னைக்கு வாரேன்னு பாரூக்குக்கு நேத்தே சொல்லி அனுப்பிருந்தேன்..."

"அவரு காத்திருக்கலை. போயிட்டாரு!"

உடையப்பன் சிரிக்கவில்லை. சிரித்தாலும் இடுப்பு வலிக்கும்.

தூணோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தான் பெரியகருப்பன். லாரிச் சுமை இறக்குகிறவன். உதடு கிழிந்திருந்தது. போலீஸ் அடி! காலடியில் அவன் மனைவி பேச்சாயி தலைவிரி கோலமாய்க் கிடந்தாள்.

"நேத்து இவன்தான் சரக்கு இறக்குனான். குடிச்சிருக்கான். பாரூக் திட்டிருக்காரு. இவன் பெட்டியைத் தூக்கி மண்டையில போட்டுட்டான். பாத்த சாட்சியே இருக்கு!" என்றார் முத்துச்சாமி.

"சாட்சி யாரு?"

"நான்தான் சார்..."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார் கண்ணுசாமி. மோட்டார் ஸ்டோர்ஸ் முதலாளி. பாரூக்கின் கூட்டாளி.

"ஆனா ஒண்ணு எஸ்.ஐ. சார்... அது பெட்டி இல்ல. வண்டிப் பார்ட்டு!"

"யோவ், பொணம் கெடக்கு. பெட்டியா இருந்தா என்ன, பார்ட்டா இருந்தா என்ன?"

"இருக்கட்டும் சார். எழுதும்போது பார்ட்டுன்னே எழுதுங்க."

உடையப்பனுக்கு அந்த வழக்கு மனப்பாடம். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் மாட்டுகிற சாமான். கப்பலில் வந்தது. வண்டியின் உறுப்பு என்றால் ஒரு தீர்வை. வெறும் பெட்டி என்றால் அதைப் போல் இரண்டு மடங்கு! எது என்று துறைமுகத்து அதிகாரிகளுக்கே தெரியவில்லை. ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு சரக்கை விட்டுவிட்டார்கள். 'நேரில் பார்த்து முடிவு சொல்' என்று திண்டுக்கல் கலால் ஆபீசுக்குத் தாக்கீது.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று.

கைப்பிடி!

கையில் தூக்கிப் போக முடிந்தால் அது பெட்டி. வண்டியில் மாட்டினால் ஒழிய உபயோகமில்லை என்றால் உறுப்பு. 'கைப்பிடி கிடையவே கிடையாது' என்று கண்ணுசாமி சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அய்யா..." பேச்சாயி உடையப்பனின் காலைப் பிடித்தாள். "நீங்களாச்சும் கேளுங்கய்யா. பொழுது சாய வீட்டுக்கு வந்துட்டாரு. கம்மங்கூழைக் குடிச்சிட்டுப் படுத்தாரு. குடின்னா அந்தக் குடிதான்!"

"ஏ, தள்ளு! பத்து மணிக்குக் கோர்ட்டு. கொலைக் கேசு. தூக்குதான்!" என்றார் முத்துச்சாமி.

தூக்கு என்றதும் பெரியகருப்பன் கட்டை உதறத் திமிறினான். கயிறு இன்னும் இறுகியது.

தூணையே பார்த்துக்கொண்டிருந்தார் உடையப்பன். சின்ன வயசில் தோல் பதனிடும் ஷாப்புச் சுண்ணாம்புத் தொட்டியில் இடுப்பளவு நின்றவர். களவு போனால் முதலில் யார் கன்னத்தில் அறை விழும் என்று அவருக்குத் தெரியும். அறை வாங்கிய கன்னம் அவருடையதுதான்.

அலுப்போடு குனிந்து பிணத்தின் பக்கத்தில் கிடந்த பெட்டியை நிமிர்த்தினார். மேல்பக்கம் இரண்டு துளை. துளையைச் சுற்றிப் பெயிண்ட் பளிச்சென்று உரிந்திருந்தது.

புதுக் கீறல்!

"எஸ்.ஐ. அய்யா, முதலாளி என்ன சாட்சி சொல்லியிருக்காரு?"

"கேட்டுக்கிருங்க." முத்துச்சாமி காகிதத்தை எடுத்துப் படித்தார். "'பெரியகருப்பன் மேற்படி சாமானை ஒரு கையால் தொங்கவிட்டபடி வந்து, சுழற்றி பாரூக் தலையில் அடித்ததை வாசலிலிருந்து கண்ணால் பார்த்தேன்.' போதுமா?"

"போதும். செத்த நேரம் முதலாளிகிட்ட என் கேசு சம்பந்தமாப் பேசணும். தனியா."

"பேசுங்க. நான் போயி ஒரு டீத்தண்ணி குடிச்சிட்டு வாரேன். தீர்வைக் கதையைக் கேட்டா எனக்குத் தூக்கம் வந்துரும்!"

முத்துச்சாமி போய்விட்டார். உடையப்பன் கண்ணுசாமியை மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப் போனார். வெள்ளைக் காகிதம் ஒன்றை விரித்தார். உட்கார்ந்தார். இடுப்பு 'அம்மா' என்றது.

"முதலாளி, சுங்கச் சட்டப்படி கேக்கேன். நீங்க சொல்றதை எழுதுவேன். இஷ்டமிருந்தா சொல்லுங்க. ஒரு கையால சுழற்றுனான்னு சொல்லியிருக்கீங்க... எதைப் பிடிச்சுச் சுழற்றுனான்?"

கண்ணுசாமி மூட்டைகளுக்கு மேலால் எட்டிப் பெட்டியைப் பார்த்தார்.

"நாலு பக்கமும் வழவழன்னு இருக்கு. ரெண்டு கையால அணைச்சுத்தான் தூக்க முடியும். சுழற்றணும்னா கைப்பிடி இருந்திருக்கணும். கைப்பிடி இருந்தா அது பெட்டி. பெட்டின்னா நீங்க போட்ட சத்தியம் பொய். சரக்கு பூரா பறிமுதல்!"

"பறிமுதலா...?"

"அம்புட்டும்."

கண்ணுசாமியின் முகத்தில் வேர்வை அரும்பியது. செத்துக் கிடந்த கூட்டாளிக்காக வராத நிஜக் கண்ணீர் இப்போது வந்தது.

"சார்... சார்! கைப்பிடிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. எல்லாம் பாரூக் வேலை!"

"அப்படியா?"

"கதவுக் கைப்பிடின்னு தனியா ஒரு சாக்குல வந்தது சார். எடுத்து மாட்டுனது அவன்தான். 'இன்ஸ்பெக்டர் நாளைக்கு வாராரு, மறைக்க என்னால ஆகாது, காட்டிரப் போறேன்'னு நின்னான். நான் விடலை! மாட்டாதே, இது பார்ட்டு, பார்ட்டுன்னு கத்துனேன்!"

"எங்க வச்சு?"

"மச்சுல."

"எப்போ?"

"இந்தப் பய சரக்கை இறக்கிட்டுப் போன பொறகு. வெளக்கு வைக்கிற நேரம்."

உடையப்பனின் பேனா நிதானமாக ஊர்ந்தது.

"கத்துனது மட்டும்தானா? கைப்பிடியைக் கழற்ற யாரும் பாடுபட்ட மாதிரி தெரியலையே. அப்புறம் நீங்க பெட்டிக்கு விரோதின்னு மேலிடம் எப்படி நம்பும்?"

"நான்தான் சார் பாடுபட்டேன்! பிடிச்சு இழுத்தேன். அவன் விடலை. நான் விடலை. ஓங்கி ஒரு தள்ளு தள்ளுனேன்... அவனும் பெட்டியுமா கீழ... பொறகு நானே எறங்கி வந்து, ஸ்குரூவைக் கழற்றி, கைப்பிடியைக் கிணத்துல..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தூணிலிருந்து பெரியகருப்பன் மூட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

கண்ணுசாமி மெள்ளத் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்தபோது அந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"மடக்கிட்டதா நெனைப்பா? நானும் கோர்ட்டுப் படி ஏறுனவன்தான். போலீஸ்காரன்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்டுல செல்லாது. என் வக்கீல் சொல்லியிருக்காரு. இந்தாரும், எங்க போடணும்? கையெழுத்தும் சேத்துப் போடுதேன். ஊறுகாய்க்கு மூடி கட்டிக்கிரும்!"

போட்டார். கொட்டை எழுத்தில்.

உடையப்பன் மை காயும்வரை ஊதினார்.

"வக்கீல் சொன்னது நெசந்தான் முதலாளி. போலீஸ்காரன்கிட்ட சொன்னாத்தான் செல்லாது."

"பின்னே?"

"நான் போலீஸ் இல்லையே. கலால். எங்ககிட்ட குடுத்த வாக்குமூலம் பேஷாச் செல்லும்!"

"கா... காக்கி போட்டிருக்கீரு?"

"போஸ்ட்மேனும்தான் போட்டிருக்கான்!"

கண்ணுசாமி வாசலைப் பார்த்துப் பாய்ந்தார். அங்கே டீ குடித்துவிட்டு முத்துச்சாமி வந்துகொண்டிருந்தார். நேராக அவர் நெஞ்சில் மோதினார்.

"என்னய்யா முதலாளி, அம்புட்டு அவசரம்?"

உடையப்பன் காகிதத்தை நீட்டினார். படிக்கப் படிக்க முத்துச்சாமியின் வெற்றிலை வாய் திறந்துகொண்டே போனது. அவரோடு வந்த கான்ஸ்டபிள் கிணற்றில் பாதாளக் கரண்டியை விட்டுத் துழாவினான். மூன்றாம் முறை அது மேலே வந்தது. நிக்கல் பூச்சுப் பூசின, பளபளவென்ற ஒரு கைப்பிடி. உடையப்பன் அதைப் பெட்டியின் துளைகளில் வைத்துப் பார்த்தார்.

அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது!

"பெட்டி" என்றார் உடையப்பன். தீர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பெரியகருப்பனின் கட்டை அவிழ்த்தார்கள். அதே கயிறு கண்ணுசாமியின் கைக்கு மாறியது. பேச்சாயி அழுதாள். இப்போது வேறு அழுகை.

"பொழைச்சுப் போலே! சாமிக்கு நேர்ந்துக்க," என்றார் முத்துச்சாமி, அடித்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

பெரியகருப்பன் போகவில்லை. கிழிந்த உதட்டைத் தடவினான். தள்ளாடித் தள்ளாடி நடந்து, ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த கண்ணுசாமிக்கு முன்னால் போய் நின்றான்.

"மொதலாளி..."

"என்னடா?"

"நேத்து 'இது பெட்டி இல்ல, பார்ட்டு'ன்னு சொல்லி எனக்குப் பாதிக் கூலிதான் பேசுனீக. அதையும் நாளைக்குத் தாரேன்னீக..."

"அதுக்கு?"

பெரியகருப்பன் உடையப்பனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான்.

"சர்க்காரே பெட்டின்னு எழுதிருச்சு. முழுக் கூலி எடுங்க... நாலு ரூவா பாக்கி!"