மூன்றாவது இணைப்பு

புதிதாக வந்த கடிதம் தடித்த எழுத்தில் இல்லை.

விமலநாதன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். எந்த மின்னஞ்சலும் திறந்து படிக்கும்வரை தடித்த எழுத்தில்தான் நிற்கும். இது அவர் கண்முன்னே, இந்த நிமிடம்தான் வந்து விழுந்தது. விழும்போதே மெலிந்திருந்தது, யாரோ படித்து முடித்துவிட்டது போல.

அனுப்பியவரின் முகவரியாக, அவரும் மனைவியும் பொதுவாக வைத்திருக்கும் முகவரியே இருந்தது.

இரண்டாயிரத்து எட்டு, பங்குனி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம், மூன்று மணி. அம்பிட்டிய வீதிச் சரிவிலிருந்த அந்த வாடகை வீட்டின் தகரத் தாழ்வாரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. வீட்டில் இரண்டு கணினிகள். முன்னறையில் இருப்பது அவருடையது. அவர் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவர். நடு அறையில் இருப்பது மனைவி மங்களேஸ்வரியுடையது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக்கொடுப்பது அவள் வேலை. இரண்டுக்கும் ஒரே இணைய இணைப்பு, ஒரே மின்னஞ்சல் முகவரி. கெலிஓயாவில் கடை வைத்திருக்கும் பளீல்தான் இணைப்புப் பெட்டியொன்றைப் பொருத்தி, ஆளுக்கொரு நீல வயர் இழுத்து, வருகிற கடிதம் இரண்டிலும் விழும்படி செய்துகொடுத்திருந்தார்.

மங்களம்தான் கைதவறி அனுப்பியிருப்பாள் என்று எழுந்து போய்ப் பார்த்தார். அவளுடைய கணினி அணைந்து கிடந்தது. குசினியில் அவள் தேங்காய் திருவும் சத்தம் சீராகக் கேட்டது.

திரும்பி வந்து கடிதத்தைத் திறந்தார். ஆங்கில எழுத்துகளில் தட்டிய தமிழ். கண்ணால் பார்த்தால் விளங்காது. உதட்டை அசைத்துத்தான் படிக்கவேண்டும். படித்தார். தன் வாயிலிருந்து வந்தது இன்னொருவனுடைய பேச்சு என்பது பாதியில்தான் உறைத்தது.

'அத்தான், மறுமொழி வரேல்லை.'

அவரை அத்தான் என்று அழைக்க உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். மங்களத்தின் தம்பி கேதீஸ்வரன். எட்டு மாதங்களுக்கு முன் கொழும்பில் காணாமற்போனவன்.

அதற்கு மூன்று நாள் முன்பு அவன் எழுதிய கடிதத்தை விமலநாதன் இதே கதிரையில் இருந்துதான் படித்தார். 'லொட்ஜிலை நேற்று மூண்டு பேரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். நான் நாளைக்கு ரயிலேறிக் கண்டிக்கு வரலாம். உங்களுக்குக் கரைச்சல் தர விருப்பமில்லை. ஓம் எண்டு ஒரு சொல் எழுதினால் காணும், அத்தான். எழுதாட்டி வரமாட்டன்.'

ஒரு சொல். இரண்டு தட்டில் எழுதக்கூடியது. யுத்த காலம். வீட்டில் இருப்போர் இருவர் என்று பொலிசுக்குக் கொடுத்த பதிவுப் படிவம் அவருக்கு நினைவுக்கு வந்தது. சந்திச் சோதனைச்சாவடியில் தன் அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் ஆமிக்காரனின் விரல் நினைவுக்கு வந்தது. கந்தோரில் மற்ற மேசைகளிலிருந்து வரும் பார்வை நினைவுக்கு வந்தது. பின்னேரம் யோசித்து எழுதலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, மங்களம் தன் கணினியைப் போடுமுன், கடிதத்தை அழித்தார். இங்கே அழித்தால் அங்கேயும் விழாது என்று பளீல் காட்டித்தந்திருந்தார்.

அவனைக் காணவில்லை என்று லொட்ஜ் முகாமையாளர் தொலைபேசியில் சொன்ன அன்று, சுவரோடு சரிந்த மங்களத்தைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். பொலிசில் முறைப்பாடு எழுதப் போனபோது, கடைசியாக எப்போது தொடர்புகொண்டார் என்று கேட்டார்கள். ஒரு மாதத்துக்கு முன் என்று தன் அழகான கையெழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டவரும் அவர்தான். வெளியே வந்ததும் மங்களம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன்" என்றாள். அந்தக் கையை அன்று எத்தனை தரம் கழுவினாரோ.

இப்போது அவர் செய்ததும் முன்பு செய்ததைத்தான். அழித்தார்.

மறுநாள் அதே நேரம் வந்தது. 'அத்தான், மறுமொழி வரேல்லை.' அழித்தார். திங்கட்கிழமை கந்தோரில் பொய்க் காய்ச்சல் சொல்லிவிட்டு மூன்று மணிக்கு முன் வீட்டுக்கு ஓடிவந்து, செருப்போடு முன்னறைக்குள் நுழைந்து அழித்தார். வெள்ளிக்கிழமைவரை ஒவ்வொரு நாளும் அப்படியே. செத்துவிட்டதாகத் தான் நம்பியவன் எழுதுகிறானா, யாராவது விளையாடுகிறார்களா என்ற கேள்வி அவருக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. மங்களம் கண்டுவிடக்கூடாது என்பதே முதலில் வந்தது. அப்படி முதலில் வந்ததை நினைத்தபோது, வீட்டில் தனியே இருந்தும் அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை பளீலைக் கூப்பிட்டார். தங்கள் முகவரியிலிருந்தே தங்களுக்குக் கடிதம் வருகிறது என்று மட்டும் சொன்னார். என்ன கடிதம் என்று சொல்லவில்லை. பளீல் நாற்பது வயது தாண்டிய, நிதானமான மனிதர். பெட்டியோடு இணைந்த கணினிகளின் பட்டியலைத் திரையில் திறந்து, விரல் வைத்து இரண்டு தரம் எண்ணினார்.

"சேர், ஒங்கட ஊட்டுல மூணு மெசின் ஓடுது."

"ரெண்டுதானே பளீல்."

"ரெண்டுக்குத்தான் நானும் போட்டன். இஞ்ச பாருங்க. இது ஒங்கட. இது மிஸிஸ்ட. மூணாவது ஒண்டு ஈக்கி. அதுக்குப் பேர் இல்ல."

"பக்கத்து வீட்டுக்காரர் ஆரும்..."

"வயர் இல்லாம ஏலா சேர். பெட்டியில ரெண்டு வயர்தான் ஈக்கி." பளீல் பெட்டியைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது வெளியில இருந்து வாரதில்ல சேர். ஊட்டுக்குள்ள இருந்துதான்."

தேநீர் போடச் சொல்லட்டுமா என்று கேட்டதற்குப் பளீல் வேண்டாம் என்றார். போகும்போது விமலநாதனின் முகத்தைப் பார்க்கவில்லை. மழைக்குள் அவருடைய மோட்டார் சைக்கிள் சரிவில் இறங்கித் தேய்ந்து மறையும்வரை விமலநாதன் வாசலிலேயே நின்றார்.

மழை விடவில்லை. ஆறரை மணிக்கு வீடு இருளத் தொடங்கியது. நனைந்த சுவர்களின் பூஞ்சை மணத்தோடு வேறொரு மணமும் கலந்து வந்தது. நெடுநாள் பூட்டிக்கிடந்த இடத்தில் ஈரத்துணி கிடந்தால் வருமே, அந்த மணம். எங்கிருந்து என்று முகர்ந்துகொண்டே நடு அறைக்குப் போனார். மங்களம் தன் கணினிக்கு முன்னால் கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள். திரையில், மேலிருந்து கீழ்வரை, ஒரே வரி அடுக்கடுக்காக நின்றது. அவர் அழித்தவை. ஏழும்.

"மங்களம், இது..."

"முதல் கடிதமும் கிடக்கு," என்றாள் அவள். திரும்பிப் பார்க்கவில்லை. "போன ஆடியிலை வந்தது."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அண்டைக்கு நீங்கள் எழும்ப முதல், விடிய அஞ்சு மணிக்கே நான் வாசிச்சிட்டன். எனக்கும் பயமாத்தான் இருந்தது. நீங்கள் வாசிச்சிட்டு ஒரு முடிவு சொல்லுவியள் எண்டு இருந்தன். பின்னேரம் உங்கட மெஷினிலை பாத்தன். இல்லை. அழிச்சிட்டியள் எண்டு விளங்கிச்சு." அவளுடைய குரல் மிக மெல்லியதாகியது. "எனக்கு என்ன வந்தது தெரியுமோ? ஆறுதல். என்ரை கூடப்பிறந்தவன். எனக்கு ஆறுதல் வந்தது."

எட்டு மாதம் ஒரே மேசையில் சாப்பிட்டிருந்தார்கள். ஒருவர் அழும்போது மற்றவர் தேற்றியிருந்தார்கள். இரண்டு பேரும் தெரிந்துகொண்டே.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மின்சாரம் நின்றது.

திரை அணைந்தது. தெருவிளக்கும் இல்லை. மங்களம் மெழுகுதிரி தேடிக் குசினிக்குப் போனாள். விமலநாதன் சுவரைத் தடவிக்கொண்டு முன்னறைக்கு வந்தார்.

பெட்டியின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

மின்சாரம் இல்லை. ஆனாலும் எரிந்தன. வரிசையாக மூன்று பச்சைப் பொட்டுகள். மூன்றாவது பொட்டு மட்டும் விடாமல் துடித்தது.

பின்பக்கத்தைத் தடவினார். ஒரு வயர். இரண்டு. இன்னுமொன்று.

குளிர்ந்து, வழுவழுப்பாக, ஈரமாக இருந்தது. பின்னேரம் பளீல் இந்தப் பெட்டியைப் புரட்டிப் பார்த்தபோது இது இல்லை. அது மேசையிலிருந்து தரைக்கு இறங்கி, நடைவழியில் ஓடி, பழைய பத்திரிகைகள் போட்டுவைக்கும் பின்னறைக் கதவுக்குக் கீழே நுழைவதைக் இழுப்பறையிலிருந்து எடுத்த கைவிளக்கின் வெளிச்சத்தில் கண்டார்.

கைவிளக்கை வைத்துவிட்டு வயரைப் பிடித்து இழுத்தார்.

சிறிது வந்தது. வந்ததைக் கையில் சுற்றிக்கொண்டே அந்தக் கதவுவரை போனார். மறுபடியும் இழுத்தார். ஏதோ கனமானதில் மாட்டியதுபோல் நின்றது. இந்த வயரைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் நின்றுவிடும். அதை மட்டும்தான் நினைத்தார். இரண்டு கையாலும் பலங்கொண்டு இழுத்தார். கதவுக்கு அப்பால் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ..." மங்களம் மெழுகுதிரியோடு பின்னால் வந்து நின்றாள். "அதுக்குள்ளை ஆர்?"

அவர் கதவைத் தள்ளினார்.

அந்த மணம்.

மெழுகுதிரி வெளிச்சம் உள்ளே போனது. பத்திரிகைக் கட்டுகள். ஈரத் தரை. எதிர்ச்சுவரைப் பார்த்தபடி ஒருவன் நின்றிருந்தான். வெறுங்கால்கள். முதுகோடு ஒட்டிய நனைந்த சேர்ட். கழுத்தின் பின்புறம் மங்களத்தினுடையதைப் போன்ற சுருட்டை மயிர்.

திரும்பவில்லை.

கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. மணிக்கட்டுகளைச் சேர்த்து நீல வயர் கட்டியிருந்தது. சுற்றுக்கு மேல் சுற்று. கடைசிச் சுற்று தோலுக்கு மேலே இல்லை. சதைக்குள் இறங்கியிருந்தது. இப்போதுதான். புதிதாக.

விரல்கள் மட்டும் அசைந்தன. பொறுமையாக, எழுத்தெழுத்தாக, காற்றில் எதையோ தட்டிக்கொண்டிருந்தன.

விமலநாதன் பின்வாங்கினார். வயர் விறைத்தது. அவனுடைய தோள்கள் நடுங்கின.

குனிந்து பார்த்தார். வயரின் மறுபாதி தன் முழங்கைவரை சுற்றியிருந்தது. விடவேண்டும். விரல்களை விரிக்கவேண்டும். விரித்தார்.

அவருடைய கை இன்னும் இறுக்கிக்கொண்டே இருந்தது.