கையால் சுற்றியவர்

ஜீவனஹள்ளியில் அந்த வீட்டைத் தேடி நான் போனபோது மதியம் மூன்று மணி. பட்டப்பகல். பேய்க்கதை சொல்கிறவன் நேரத்தையாவது இருட்டாகச் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். என்ன செய்வது, நடந்தது அப்போதுதான்.

நான் அசோகன். பழைய புரொஜெக்டர்களைப் பழுது பார்க்கிறவன். பெங்களூரில் இந்த வேலைக்கு மாதம் ஒருவர் கூப்பிட்டாலே அதிசயம். அன்று கூப்பிட்டவர் கேரல் ஆன்ட்டி. கோலார் தங்கவயலிலிருந்து வந்து இங்கே குடியேறியவர். கணவர் தாஸ் அங்கே தொழிலாளர் கிளப்பில் படம் ஓட்டியவர். இறந்து நான்கு வருடம். பிள்ளைகள் இல்லை. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆன்ட்டி இரண்டு முறை காபி வேண்டுமா என்று கேட்டார். அந்த வீட்டுக்கு ஆள் வந்து வெகுநாளாயிற்று என்று அதிலேயே தெரிந்தது.

கூடத்து ஜன்னல்களெல்லாம் கனத்த திரை போட்டு மூடியிருந்தன. ரப்பர் உருகிய வாடை. மேஜைமேல் பதினாறு எம்.எம். புரொஜெக்டர், எதிர்ச் சுவரில் வெள்ளை பெட்ஷீட். நடுவில் இரண்டு பிரம்பு நாற்காலிகள் ஒட்டிப் போட்டிருந்தன.

"என்ன கம்ப்ளெயின்ட் ஆன்ட்டி?"

"பெல்ட் போயிடுச்சுப்பா. எங்க கல்யாண ரீல் ஒண்ணுதான் இருக்கு. டெய்லி போட்டுப் பாக்கறேன்."

பக்க மூடியைக் கழற்றினேன். மோட்டார் பெல்ட் நன்றாகவே இருந்தது. ஓடி முடிந்த ஃபிலிமைச் சுருட்டிக்கொள்ளும் பின் ரீலின் பெல்ட்தான் தார்போல உருகிப் புல்லிச் சக்கரத்தில் அப்பிக் கிடந்தது. அது போய் வருடக்கணக்காகியிருக்க வேண்டும்.

"இது இல்லாம டெய்லி எப்படிப் பாக்கறீங்க? ஃபிலிம் எல்லாம் தரையில கொட்டுமே?"

"கொட்டாது. அவரு கையால சுத்துவாரு."

தனியாக இருந்து இருந்து மனம் இப்படி ஆகிவிட்டது போலும். எனக்குப் பாவமாக இருந்தது. சோதனைக்காகப் படத்தை ஓடவிட்டேன்.

ஃபிலிம் தரையில் கொட்டவில்லை.

பெல்ட் இல்லாத ரீல், தொய்வே இல்லாமல், நிதானமாகச் சுற்றியது. நிறுத்திப் பார்க்க விரலை வைத்தேன்.

விரலை யாரோ மெதுவாகத் தள்ளிவிட்டார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அதுவரை அரளவே இல்லை. இப்போது விரலை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினேன்.

"பயப்படாதப்பா," என்றார் ஆன்ட்டி. "உயிரோட இருந்தப்பவும் ஊருக்கெல்லாம் படம் காட்டினாரு. என் பக்கத்துல ஒரு நாள் உக்காந்து பாத்ததில்ல. இப்பவும் மெஷினாண்டயே நிக்கறாரு. நீ பெல்ட் மாட்டிட்டா, வந்து உக்காருவாருல்ல?"

ஓடிப்போயிருக்கலாம். அப்படிக் கேட்டவரை விட்டு ஓட எனக்கு மனசு வரவில்லை.

புல்லியை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன். நூல் சுற்றி அளவெடுத்து, அதைவிடச் சற்றே இறுக்கமான பெல்ட்டை மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ரீல் ஒருமுறை உதறி நின்றது. புது பெல்ட் புல்லியில் வழுக்கிக் கிறீச்சிட்டது.

ரீலை யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

ஆன்ட்டி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "விடுங்க," என்றார், திரும்பாமல். "அதான் சரி பண்ணியாச்சே. வந்து உக்காருங்க."

ரீல் சுற்ற ஆரம்பித்தது.

சுவரில் மணப்பெண் கேரல் சிரித்தார்.

பக்கத்து நாற்காலியின் பிரம்பு முனகியது. இருக்கை மெல்லக் கீழே இறங்கியது.

ஆன்ட்டி வலது கையை அந்தப் பக்கம் நீட்டினார். அவர் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின, இடையில் வேறு விரல்கள் நுழைவதுபோல. பயத்தையும் மீறி எனக்குக் கண் கலங்கியது. நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று தோன்றியது.

அப்போது அவர் தோள்கள் விறைத்தன.

"அசோகன்..." கை நீட்டியபடியே மெல்லக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க ஆன்ட்டி."

"தாஸுக்கு இடது கையில ரெண்டு விரல் கிடையாதுப்பா. கல்யாணத்துக்கு முந்தியே மெஷின்ல போச்சு."

கட்டைவிரலால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இதுல அஞ்சும் இருக்கு."

சுவிட்சில் கை வைத்தேன். "ஆஃப் பண்ணிடட்டா? லைட் போடட்டா?"

ஆன்ட்டி சுவரில் சிரிக்கும் மணப்பெண்ணையே பார்த்தார்.

"வேணாம்," என்றார், அந்தக் கையை விடாமலே. "படம் முடிஞ்சதும் மறுபடி முதல்லேருந்து போடு."