நெற்றியில் எழுதிய நேரம்

நல்ல வெயில். பேய் பிசாசுக்கெல்லாம் அது வேளையே இல்லை. பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் ஆம்புலன்ஸ் நின்றதும் மருத்துவ உதவியாளன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஏணியிலிருந்து ஜன்னல் மேல் விழுந்த பெயின்டர் தாழ்வாரத்தில் மல்லாந்து கிடந்தார். கண்ணாடி கிழித்த கையிலிருந்து ரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தது.

உதவியாளன் காயத்துக்கு மேலே, ரத்த ஓட்டத்தை அடைக்கும் பட்டையைச் சுற்றி இறுக்கினான். ரத்தம் நின்றது. அதிக நேரம் இருந்தால் கை கெட்டுவிடும் என்பதால், பட்டை கட்டிய நேரத்தை நோயாளியின் நெற்றியிலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவிட வேண்டும். காகிதம் தொலைந்துபோகும், நெற்றி எங்கேயும் போகாது. "அடுத்தவங்க தலையெழுத்தை எழுதுறதே உனக்குப் பொழப்பாப் போச்சு" என்று டிரைவர் எப்போதும் கிண்டல் செய்வார்.

பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு குனிந்தான். எங்கிருந்தோ சூடான சோற்று வாசனை வந்தது.

நெற்றியில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

2.10.

அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

ஒன்றின் தலையில் சின்னக் கொக்கி, வட்டத்தை மூடாமல் விட்ட பூஜ்யம். அவனுடைய கையெழுத்தேதான். ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்தான். தோல் சிவந்ததே தவிர எழுத்து அசையவில்லை.

"அண்ணே, இவர் நெத்தியில என்ன தெரியுது?"

டிரைவர் எட்டிப் பார்த்தார். "வேர்வை. தூக்குடா சீக்கிரம்."

பெயின்டர் பிழைத்துக்கொண்டார். உதவியாளனுக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. 2.10 என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன்பு, சாப்பாட்டுக் கடையில் அவனும் டிரைவரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்த நேரத்தில், மதியம் 2.10க்கு, வண்டி ஃபோனுக்கு ஓர் அழைப்பு வந்தது. சிறிய ஆஸ்பத்திரியின் வண்டி அது. அழைப்பு நேரே அவர்களுக்குத்தான் வரும், நேரத்தைக் குறித்துக்கொள்வது உதவியாளன் பொறுப்பு. சாலையோரம் டயர் மாற்றிக்கொண்டிருந்த தன் கணவனை லாரி இடித்துவிட்டுப் போய்விட்டது என்றும், தொடையிலிருந்து ரத்தம் கொட்டுகிறது என்றும் ஒரு பெண் சொன்னாள். வழியில் போன யாருடைய ஃபோனையோ வாங்கிப் பேசினாள். எட்டு நிமிடத்தில் போய்விடக்கூடிய இடம்.

"வந்துக்கிட்டே இருக்கோம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவன் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினான். அதுவும் உண்மை.

போய்ச் சேர்ந்தபோது 2.40. அந்த மனிதர் உயிரோடு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. படிவத்தில் அழைப்பு வந்த நேரத்தை அவன் 2.32 என்று எழுதினான். ஃபோனில் இருந்த பதிவையும் அழித்தான்.

ஒரு வாரம் கழித்து அவள் கணவனின் அண்ணனோடு வந்தாள். அவர் அந்தப் படிவத்தை விரலால் தட்டித் தட்டிக் காட்டி அவளைக் கேட்டார். "ரெண்டு மணிக்கு அடிபட்டவனுக்கு ரெண்டரைக்கு ஃபோன் பண்ணியிருக்கே. அதுவரைக்கும் வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தியா?"

அவள் உதவியாளனைப் பார்த்தாள். "நான் உடனே கூப்பிட்டேன். நீங்கதானே பேசினீங்க. சொல்லுங்கண்ணா."

அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "பேப்பர்ல என்ன இருக்கோ அதுதாம்மா" என்றான். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் அவனுக்கே கூசியது.

பெயின்டருக்கு அடுத்து, சைக்கிளிலிருந்து விழுந்த பால்காரரின் நெற்றியில் 2.17.

தையற்கடைக்காரி நெற்றியில் 2.26. அவளுக்கு மூச்சு விட்டுவிட்டுத்தான் வந்தது.

மெக்கானிக் ஒருவருக்கு வண்டியிலேயே இதயம் நின்று, உதவியாளன் நெஞ்சை அமுக்கி அமுக்கித்தான் துடிப்பு திரும்பியது. அவர் நெற்றியில் 2.38.

ஒவ்வொரு முறையும் அதே சோற்று வாசனை.

அவன் தின்ற நேரம்தான் நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த ஆளுக்கு 2.40. அந்த ஆள் பிழைக்க மாட்டார் என்று அவனுக்குப் பட்டது.

"அண்ணே, நான் போய்ச் சொல்லிடறேன்."

"பைத்தியமாடா உனக்கு? ரெண்டு பேர் வேலையும் போயிடும்" என்று டிரைவர் கிசுகிசுத்தார். பிறகு அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

நடந்ததை இரண்டு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தான். மற்றதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். கணவனின் அண்ணன் உள்ளே வரச் சொல்லியும் அவனுக்கு உட்கார மனம் வரவில்லை.

"இவங்க ரெண்டு பத்துக்கே கூப்பிட்டாங்க. லேட்டா வந்தது நாங்க. நான்தான் நேரத்தை மாத்தி எழுதினேன்."

"அதுவரைக்கும் என்ன பண்ணீங்க?" என்று அவள் கேட்டாள்.

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம்."

அண்ணன் அவள் பக்கமே திரும்ப முடியாமல் சுவரைப் பார்த்தார். அவள் அழுவாள், திட்டுவாள் என்று உதவியாளன் எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்க முடிந்திருக்கும்.

"வண்டி வந்துடுச்சா, வண்டி வந்துடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தார்" என்றாள். "இதோ வந்துடுச்சுன்னு நானும் பொய் சொல்லிக்கிட்டே இருந்தேன். கடைசியில நம்பறதை விட்டுட்டார். ஆனா கேக்கறதை விடலை."

வேலை போனது, ஆனால் மாற்று ஆள் வரும்வரை நான்கு நாள் வண்டியில் இருக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலை, ஒரு டீச்சர் மீது கார் மோதிவிட்டதாக அழைப்பு வந்தது. ஆறே நிமிடத்தில் போனார்கள். உதவியாளன் பயந்து பயந்து அந்த அம்மாவின் முடியை ஒதுக்கினான்.

வெறும் நெற்றி.

அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரத்தம் கொட்டிய காலில் பட்டையைக் கட்டினான். நெற்றியில் 9.14 என்று சரியான நேரத்தை எழுதினான். அந்த அம்மாவுக்கு நினைவில்லை. முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டி, கதவைச் சாத்தினான். டிரைவர் சைரனைப் போட்டு வண்டியை விரட்டினார்.

பாதி வழியில் வண்டிக்குள் சோற்று வாசனை எழுந்தது.

முகமூடிக்குள் ஆவி படிந்தது. உதடுகள் அசைந்தன.

ஆண் குரல். பலவீனமான, பொறுமையான குரல்.

"வண்டி வந்துடுச்சா?"

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "வந்துடுச்சுங்க" என்றான். "வந்துடுச்சு. வண்டிக்குள்ளதான் இருக்கீங்க."

முகமூடிக்குள் மறுபடி ஆவி படிந்தது.

"வண்டி வந்துடுச்சா?"

ஆஸ்பத்திரி வரும்வரை அவன் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான்.