ஐம்பத்திரண்டு கையெழுத்து

1958 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. காலை 8.20.

அலமாரி திறந்து கிடந்தது. பூட்டில் கீறல் இல்லை. சாவி அதிலேயே தொங்கியது. கதவில் மங்கிப்போன சந்தனப் பொட்டு மூன்று. உள்ளே நூறு வருடத்து அகராதி இருந்தது. நான்கு கட்டு ஏட்டுச்சுவடி இருந்தது. ஆய்வாளர் வருகைப் பதிவேடு மட்டும் இல்லை.

“கையெழுத்துப் போடுற நோட்டுக்கா போலீஸைக் கூப்பிட்டீங்க?” என்றார் துப்பறியும் சார்ஜண்ட் பொன்னுதுரை. படியேறி வந்த மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

“அந்த நோட்டுதான் சார் இந்த இடத்துக்கு உயிர்,” என்றார் நூலகச் செயலாளர் கருணாகரன். “பத்து மணிக்கு மானியக் குழு வருது.”

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் ஓர் அரிசிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். மூவாயிரம் தமிழ்ப் புத்தகங்கள். அரசாங்கக் கடிதங்களில் இதற்குப் பெயர் ‘அயல்மொழி ஆய்வுப் பிரிவு’. ஜன்னலுக்குக் கீழே அரிசிக்கு விலை பேசியவர்கள் அந்த அயல்மொழியில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மானியத்துக்கு ஒரே நிபந்தனை: வெளியூர்க் கல்லூரி, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வருடத்துக்கு ஐம்பது தடவையாவது வந்து கையெழுத்திட்டிருக்க வேண்டும். தவறினால் ஜனவரியோடு மானியம் நின்றுவிடும். பிறகு வாடகை கட்ட வழியில்லை. புத்தகங்கள் பெட்டிக்குள் போகும். பெட்டிகள் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

8.35. பியூன் சுப்பையன்.

“சாவி எங்கே இருக்கும்?”

“சரஸ்வதி படத்துக்குப் பின்னால. ஊருக்கே தெரியும் சார்.”

“நேத்து?”

“அஞ்சு மணிக்கு அலமாரியைப் பூட்டினேன். ஆறு மணிக்கு செயலாளர் ஐயா, நூலகர் டீச்சர், நான், மூணு பேரும் சேர்ந்துதான் இறங்கினோம். காலையில நான்தான் வாசக்கதவைத் திறந்தேன். பூட்டு போட்டது போட்டபடி இருந்துச்சு.”

“இறங்கும்போது யார் கையில என்ன இருந்தது?”

“டீச்சர் கையில குடை. ஐயா வெறுங்கை. என் கையில டிபன் கேரியர். திறந்து பார்க்கறீங்களா?”

பொன்னுதுரை சிரிக்கவில்லை. “ஆளுங்க நிறைய வருவாங்களா?”

“பேப்பர் படிக்க தெனம் நாப்பது பேர். எஸ்டேட்டுலேர்ந்து சைக்கிள் மிதிச்சு வர்றவங்க உண்டு. அவங்கல்லாம் கணக்குல சேர்த்தி இல்லையாம். மலாக்கா செட்டிக்காரர் ஒருத்தர் செவ்வாய்க்கிழமை தவறாம தாத்தா காலத்துத் தமிழ்ப் பத்திரத்தைத் தூக்கிட்டு வருவாரு. பேச்செல்லாம் மலாய்தான், தமிழ் ஒரு எழுத்து தெரியாது. டீச்சர் படிச்சு மலாய்ல சொல்லுவாங்க. அவரும் கணக்குல இல்ல. சரஸ்வதி பூஜை அன்னைக்கு மட்டும் அவரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. மறுநாள் காலை வரைக்கும் எழுத்துன்னு எதையும் தொடக் கூடாதுன்னுட்டாங்க. பாவம், சுண்டலைத் தின்னுட்டுப் போனாரு.”

வாசலில் பைண்டர் அப்துல் ஹமீது ஒரு சணல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“சார், நான் கட்டை எடுத்துட்டுக் கிளம்பலாமா? சீட்டுல ஒன்பது புத்தகம். தூக்கினா பத்து மாதிரி கனக்குது. வயசாயிடுச்சு போல.”

“இப்ப எதுவும் வெளியே போகக் கூடாது பாய்.”

8.50. கருணாகரன்.

“இந்த இடத்துக்கு வேற ஆள் கேட்டாங்களாமே?”

“இன்சூரன்ஸ் கம்பெனி ஒண்ணு. ரெட்டை வாடகை தர்றதா சொல்லுது. கட்டடம் என் மாமனாரோடது, நான் மறைக்கல. ஆனா இதை இழுத்து மூடணும்னா நான் ராத்திரி பகலா உட்கார்ந்து டைப் அடிச்சிருப்பேனா?”

அவர் நீட்டியது கார்பன் பிரதி. பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்த பட்டியல். ஐம்பத்திரண்டு வருகைகள். நவம்பர் கடைசியில் குழுவுக்கு அனுப்பியாகிவிட்டது. இன்று பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பாக்கி.

பொன்னுதுரை விரலை ஓட்டினார். அக்டோபர் 14, ஒருவர். அக்டோபர் 21, சிங்கப்பூரிலிருந்து இருவர். அக்டோபர் 28, ஒருவர்.

“குழுவில யார் யார்?”

“பழைய ஆளுங்கதான், தமிழர் யாரும் இல்ல. நல்லையா சார் மட்டும் புதுசு, ரிட்டயர்டு தலைமையாசிரியர். நேத்து மதியம்தான் கடிதம் வந்தது. பூஜைக்கு இங்கே வந்து அரை நாள் இருந்து பேசினவர். நம்ம அதிர்ஷ்டம்னு டீச்சர்கிட்டகூடச் சொன்னேன்.”

“டீச்சர் என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

9.10. நூலகர் சிவகாமசுந்தரி.

நாற்பது வயதிருக்கும். முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். மேசையில் ஏதோ கப்பல் கம்பெனி கொடுத்த காலண்டர். அரசாங்க விடுமுறைகள் சிவப்பில். பொன்னுதுரை அதன் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினார். ஆகஸ்டில் சிவப்பு உண்டு. அக்டோபரில் இல்லை.

“யார் மேல சந்தேகம் டீச்சர்?”

“யார் மேலயும் இல்ல.”

“கருணாகரன்?”

“ஐயோ, அவரை விட்டுடுங்க.”

“நோட்டு இல்லாம மானியம் போயிடுமே?”

“போலீஸ் ரிப்போர்ட் இருந்தா போதும். பட்டியலை வச்சே முடிவு பண்ணலாம்னு விதியில இருக்கு. எட்டாவது விதி.”

அவர் யோசிக்காமல் சொன்னார். பொன்னுதுரை எழுந்தார்.

9.25. வாசலுக்குப் போய் ஹமீதை எழச் சொல்லிவிட்டு, சணலை அறுத்தார். மற்ற மூவரும் பின்னாலேயே வந்தார்கள். ஒவ்வொன்றாக எண்ணினார். பத்தாவது, பழுப்புத் தாளில் சுற்றியிருந்தது. பிரித்தார். வருகைப் பதிவேடு.

“அல்லா!” என்றார் ஹமீது. “சத்தியமா எனக்குத் தெரியாது சார்.”

“உங்களுக்குத் தெரியாது பாய். நேத்து ஆறு மணிக்கு மூணு பேரும் நோட்டு இல்லாமத்தான் இறங்கினாங்க, வாசப்பூட்டும் உடையல. அப்ப நோட்டு மாடியைவிட்டுப் போகல. இன்னைக்கு வெளியே போகக் காத்திருந்தது இந்தக் கட்டு ஒண்ணுதான். இதைக் கட்டினது யாரு?”

“டீச்சர்,” என்றார் சுப்பையன், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கருணாகரன் குழம்பினார். “நூலகத்துக்காக உயிரை விடறவங்க எதுக்கு சார் இதை ஒளிக்கணும்?”

“அக்டோபர் இருபத்தொண்ணு என்ன கிழமை?”

“செவ்வாய்...”

“சரஸ்வதி பூஜை. புத்தகமெல்லாம் பட்டுத்துணிக்குள்ள. செட்டிக்காரரையே திருப்பி அனுப்பின நாள். சிங்கப்பூர்க்காரங்க ரெண்டு பேர் அன்னைக்கு எதைப் படிச்சாங்க?” பொன்னுதுரை மேசையைக் காட்டினார். “நவம்பர்ல உட்கார்ந்து, இந்தக் காலண்டரைப் பார்த்து, மிச்சமிருந்த வரிகளை நிரப்பியிருக்காங்க. சிவப்பு நாளையெல்லாம் கவனமா விட்டாங்க. நம்ம பூஜைக்கு அரசாங்கம் சிவப்பு போடல. பழைய குழுவுக்கு அது தெரியப்போறதில்ல. நல்லையா சார் பேரைக் கேட்டதும்தான் டீச்சருக்கே ஞாபகம் வந்தது. நோட்டு காணோம்னா, அந்த ஒரு தேதியை டைப் அடிச்ச பிழைன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்.”

கீழே அரிசி மூட்டை ஒன்று லாரியிலிருந்து விழும் சத்தம் கேட்டது.

“பதினோரு பேர் உண்மையா வந்தாங்க சார்,” என்றார் சிவகாமசுந்தரி. “ரங்கூன்லேர்ந்து ஒருத்தர் கப்பல் ஏறி வந்து, எங்கேயும் கிடைக்காத புத்தகம்னு அழுதுட்டார். அவர் கையெழுத்தும் இதுலதான் இருக்கு. அதனாலதான் எரிக்கல. எரிச்சிருந்தா நீங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க.”

“மாட்டேன்தான்.”

“பத்து மணி வரைக்கும் கட்டு கட்டாவே இருந்திருக்கலாமே சார்.”

காணோம் என்று கூப்பிட்டார்கள்; வந்தார்; கண்டுபிடித்தார். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பதிவேடு கையில் கனத்தது. அதைக் கீழே வைக்க இடம் தேடியபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

10.00.

நல்லையா பதிவேட்டை வாங்கி, நேராக அக்டோபருக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். மற்ற இரண்டு உறுப்பினர்களும் அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

“அன்னைக்கு நான் இங்கேதானே இருந்தேன், அம்மா.”

“ஆமாங்கய்யா.”

“நான் பார்க்காத மாதிரி இருக்க முடியாதே.”

“தெரியும்ங்கய்யா.”

ஒரே நீல மையில் ஒரே கையின் சாய்வில் இருந்த வரிகளை அவர் பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடிட்டு நீக்கினார். மிஞ்சியது பதினொன்று. அந்த எண்ணைக் குழுவின் தாளில் எழுதினார்.

10.40. குழு போய்விட்டது. பேப்பர் படிக்க வந்தவர்கள் வாசலில் போலீஸைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். பொன்னுதுரை தன் குறிப்பேட்டில் ‘பொருள் கிடைத்தது’ என்று எழுதித் தேதி போட்டார்.

ஹமீது ஒன்பது புத்தகங்களையும் மறுபடி சணலால் கட்டினார்.

“டீச்சர், தைக்கத்தானே வேணும்?”

“தைச்சிடுங்க பாய். பின்னட்டை பிஞ்சு கிடக்கு.”

“முடிய ஜனவரி ஆயிடும்.” ஹமீது கட்டைத் தோளில் ஏற்றினார், இந்த முறை கனம் குறைவாக இருந்தது. “ஜனவரியில யார்கிட்ட கொண்டாந்து கொடுக்கறது?”

சிவகாமசுந்தரி கருணாகரனைப் பார்த்தார். கருணாகரன் சார்ஜண்டைப் பார்த்தார். பொன்னுதுரை தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.